சாலைப் பயணத் திட்டச் செயலி: இருப்பிடத் தரவைக் கொண்டு எந்த வசதிகளை முதலில் அமைப்பது?

கேள்வி: கொங்குவழி

அனைவருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் ஒரு சிறு குழு நாங்கள். சொந்தக் காரில் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் பயணம் செல்பவர்களுக்காக, தென்னிந்தியச் சாலைகளை மட்டும் கருத்தில் கொண்டு ஒரு பயணத் திட்டச் செயலியை வடிவமைத்துவருகிறோம். வழிகாட்டும் செயலிகள் ஏற்கெனவே எல்லோருடைய கைபேசியிலும் இருக்கின்றன. எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வதில் அவற்றோடு போட்டியிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து, எந்த ஊர் வழியாகப் போகலாம், எங்கே சாப்பிடலாம், கோயிலுக்கு நடை சாத்துவதற்குள் போய்ச் சேர முடியுமா, இருட்டுவதற்குள் மலையேறிவிடலாமா என்று குடும்பத்தார் பேசிக்கொள்வார்களே, அந்தப் பேச்சுக்குத் துணை நிற்கும் கருவியாக இது அமைய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

வரைபடத்துக்கு, பலரும் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவையும், வழி கணக்கிட ஓஎஸ்ஆர்எம் என்ற மென்பொருள் பொறியையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் மாதிரியில், பயனர் இருக்கும் இடத்திலிருந்து குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் உள்ள உணவகங்கள், பெட்ரோல் பங்குகள், கோயில்கள், அருவிகள் ஆகியவற்றைத் தூர வரிசையில் காட்டும் வசதி மட்டுமே உள்ளது. சோதித்துப் பார்த்தவர்கள் அது பயன்படவில்லை என்றே சொல்கிறார்கள். புறவழிச் சாலையில் விரைந்துகொண்டிருப்பவருக்கு ஊருக்குள் கடைத்தெருவில் இருக்கும் உணவகம் முதலாவதாக வருகிறது. நான்குவழிச் சாலையில் எதிர்த் தடத்தில் இருக்கும் பங்க் 'மிக அருகில்' என்று காட்டப்படுகிறது. ஏற்கெனவே தாண்டிவந்துவிட்ட இடங்களும் பட்டியலில் நிற்கின்றன.

இருப்பிடத் தரவை வைத்துச் செய்யக்கூடியவை என்று நாங்கள் எழுதிவைத்திருக்கும் பட்டியல் நீளமானது: வழியோரத் தேடல், சுங்கச் செலவுக் கணக்கு, நிறுத்தங்களைத் தானே வரிசைப்படுத்துதல், மலைப்பாதை எச்சரிக்கை, இணையம் இல்லாத இடத்திலும் இயங்கும் வரைபடம், உடன் வரும் கார்களின் நேரலை இருப்பிடம், பயணம் முடிந்தபின் சென்ற வழியைச் சேமித்துவைத்தல். எங்களிடம் உள்ள ஆள்பலத்துக்கு இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. எவற்றை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், எவற்றில் நாங்கள் எதிர்பாராத சிக்கல்கள் இருக்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

---

மறுமொழி 1: அச்சாணி

வணக்கம். வரைபடத் தரவோடு சில ஆண்டுகளாகப் பணியாற்றிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் சோதனையாளர்கள் சொன்ன மூன்று குறைகளும் உண்மையில் ஒரே குறைதான். நேர்கோட்டுத் தூரத்தை அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். பயணம் செய்பவரோ நேரத்தில் சிந்திக்கிறார். 'இந்த இடம் எனக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது' என்பது அவருடைய கேள்வி அன்று. 'இங்கே போய்விட்டுப் போனால் என் பயணத்தில் எத்தனை நிமிடம் கூடும்' என்பதே அவர் அறிய விரும்புவது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டால் நீங்கள் பட்டியலிட்டுள்ளவற்றில் பாதி வசதிகள் தாமாகவே நேராகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு எளியது. இப்போது இருக்கும் இடத்திலிருந்து அந்த நிறுத்தத்துக்கு ஆகும் நேரத்தையும், அங்கிருந்து சேருமிடத்துக்கு ஆகும் நேரத்தையும் கூட்டி, நேராகச் சென்றால் ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டால் கிடைப்பது கூடுதல் நேரம். தாண்டிவந்துவிட்ட பங்குக்குத் திரும்பிப் போய் மீண்டும் வர வேண்டியிருப்பதால் அதன் கூடுதல் நேரம் மிகுந்து, அது தானாகவே பட்டியலின் அடியில் போய்விடும். அதை நீக்குவதற்கென்று தனி விதி எழுத வேண்டியதில்லை. ஊருக்குள் இருக்கும் உணவகமும் அவ்வாறே. ஆனால் அந்த உணவகத்துக்காகவே ஊருக்குள் நுழைய விரும்புகிறவர் இருப்பார் அல்லவா? அவருக்கு '18 நிமிடம் கூடும்' என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட்டுவிடலாம்.

எல்லா இடங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் சர்வர் தாங்காது என்ற அச்சம் வேண்டாம். முதலில் வழித்தடத்தின் கோட்டை, வடிவம் பெரிதும் மாறாமல் புள்ளிகளைக் குறைக்கும் டக்ளஸ்–பியூக்கர் முறையில் எளிமைப்படுத்திக்கொண்டு, அதன் இருபுறமும் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வரைந்து, அதற்குள் விழும் இடங்களை மட்டும் வடிகட்டுங்கள். எஞ்சியவற்றுக்கு ஓஎஸ்ஆர்எம்மின் 'டேபிள்' சேவையைப் பயன்படுத்தினால், பல இடங்களுக்கான பயண நேரங்கள் ஒரே அழைப்பில் கிடைத்துவிடும்.

எதிர்த் தடத்துப் பங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அது முப்பது மீட்டர் தூரத்தில் இருக்கும். நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஓஎஸ்ஆர்எம்மில் 'அப்ரோச்சஸ்' என்ற அளவுருவை 'கெர்ப்' என்று வைத்தால், வாகனம் சாலையின் இடப்பக்கத்தில் உள்ள இடத்தை அந்தப் பக்கத்திலிருந்தே அணுகும்படி வழி கணக்கிடப்படும். இதைச் செய்யாமல் விட்டால், செயலியை நம்பி நடுத்தடுப்பின் இடைவெளியில் தவறாகத் திரும்ப முயலும் ஓட்டுநர் உருவாகிவிடுவார். இதை வசதிக் குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய செய்தி இது.

அடுத்து, நிறுத்தங்களை வரிசைப்படுத்துவது. இதைப் பெரிய கணிதச் சிக்கலாக நினைத்துப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு நாளில் ஒரு குடும்பம் பார்க்கக்கூடிய இடங்கள் ஐந்தோ ஆறோதான். ஆறு இடங்களை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். எட்டு இடங்கள் என்றாலும் 40,320 வரிசைகளே. பயண நேர அட்டவணை கைக்கு வந்துவிட்டால், இவை அனைத்தையும் கைபேசியிலேயே நொடிப்பொழுதில் சோதித்துவிடலாம்.

இதில் உண்மையான பயன், திறந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் வெளிப்படும். நம் கோயில்களில் பெரும்பாலானவற்றில் நண்பகலை ஒட்டி நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலும், 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் இடம்பெற்றன. இம்மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தாராசுரம் அதன் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் இன்னும் 35 கிலோமீட்டர் அளவில் இருக்கும். தூரத்தை மட்டும் பார்க்கும் செயலி, காலையில் தாமதமாகப் புறப்பட்டாலும் மூன்றையும் நேர்வரிசையில் அடுக்கி, மூன்றாவது கோயிலின் வாசலில் கொளுத்தும் வெயிலில் குழந்தைகளோடு அவர்களை நிறுத்திவிடும். நேரத்தையும் பார்க்கும் செயலியோ, இரண்டு கோயில்களை முற்பகலில் முடித்து, சாப்பாட்டையும் அடுத்த ஊருக்கான பயணத்தையும் நடை சாத்திய நேரத்துக்குள் வைத்து, மூன்றாவதை மாலைக்குத் தள்ளிவைக்கும். உங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் வசதி இதுவாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சுங்கக் கணக்கை விரைவாகச் செய்துவிடலாம். சாவடிகள் நிலையான இடங்களில் இருப்பதால், வழித்தடம் எந்தெந்தச் சாவடியைக் கடக்கிறது என்று பார்த்தாலே போதும். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுச் சந்தா, தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலைச் சாவடிகளுக்கு மட்டுமே பொருந்தும், மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லாது என்பதால், ஒவ்வொரு சாவடியும் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் தரவில் பதிந்துவையுங்கள்.

---

மறுமொழி 2: மலைச்சாரல்

வணக்கம். நான் நிரலாளர் அல்லன். சுற்றுலாக் கார் ஓட்டுபவன். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, மைசூரு என்று மலைச் சாலைகளிலேயே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதால், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

செயலிகள் மலைப்பாதைக்குச் சொல்லும் நேரத்தை என் போன்றவர்கள் அப்படியே நம்புவதில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. பழகிய ஓட்டுநருக்கும் புதிதாக ஏறுபவருக்கும் ஆகும் நேரம் ஒன்றாக இருக்காது. பின்னிருக்கையில் வாந்தி எடுக்கும் குழந்தை இருந்தால் அதுவும் வேறு கணக்கு. மழையோ மூடுபனியோ இருந்தால் முன்பு போட்ட கணக்கு எதுவும் உதவாது. ஆகவே மலைப்பாதைக்கு ஒரே எண்ணைச் சொல்லாமல், 'ஒன்றரை மணி முதல் இரண்டேகால் மணி வரை' என்பது போல ஒரு வரம்பைச் சொல்வதுதான் நேர்மையானது. எத்தனை வளைவுகள் வரப்போகின்றன, அடிவாரத்துக்குப் பிறகு அடுத்த பங்க் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் ஏறத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டால், வெளியூரிலிருந்து வருபவர்கள் மிகவும் வாழ்த்துவார்கள்.

இதைவிட முக்கியமானது, எந்தப் பாதை எப்போது மூடியிருக்கும் என்ற செய்தி. பந்திப்பூர் காட்டுச் சாலைகளில், அதாவது குண்டலுப்பேட்டையிலிருந்து கூடலூருக்கும் சுல்தான்பத்தேரிக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளில், 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் செல்ல, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. கோடைப் பருவத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழி ஏற்பாடும் செய்வார்கள். இவற்றில் எதையும் அறியாமல், மைசூருவிலிருந்து மாலையில் தாமதமாகப் புறப்பட்டு, சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் குண்டலுப்பேட்டையில் அறை தேடி அலைவது பெரியவர்களோடு வந்தவர்களுக்கு மிகுந்த துன்பம்.

உதகைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை மட்டும் காட்டும் செயலி அவர்களுக்கு உதவாது. காட்டின் சாவடியை எத்தனை மணிக்கு எட்டுவோம், அது அடைபடுவதற்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கும் என்பதைக் காட்ட வேண்டும். மைசூருவிலேயே 'ஏழு மணிக்குள் கிளம்பாவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். அவர்கள் நிம்மதியாக அங்கேயே தங்கிவிடுவார்கள்.

---

கொங்குவழி (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கூடுதல் நேரம் என்ற அளவுகோலையும், சாவடியை எட்டும் நேரம் என்ற கருத்தையும் எங்கள் வடிவமைப்பின் நடுவில் வைக்கப்போகிறோம்.

தொடர்ந்து இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ஓட்டுநர் செயலியைத் திறந்துவைத்திருக்க மாட்டார்; வேறொரு வழிகாட்டும் செயலிதான் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் 'அடிவாரத்தில் கடைசிப் பங்க் வருகிறது' என்பது போன்ற அறிவிப்புகளைப் பின்னணியிலிருந்து உரிய நேரத்தில் கொடுக்க என்ன செய்ய வேண்டும்? இரண்டாவதாக, சென்ற வழியைச் சர்வரில் சேமித்துவைத்தால், பலருடைய பயணங்களைக் கொண்டு மலைப்பாதைகளின் உண்மையான வேகத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்று எங்களுள் சிலர் கருதுகிறார்கள். இதைச் செய்யலாமா?

---

மறுமொழி 3: நிழற்குடை

கைபேசிச் செயலிகளில் இருப்பிட அனுமதி, மின்கலச் செலவு ஆகியவற்றைக் கவனித்துவருபவள் என்ற முறையில் இரண்டுக்கும் விடை தர முயல்கிறேன்.

ஜியோஃபென்ஸ் எனப்படும் எல்லை வட்டங்களைத்தான் நீங்கள் மனத்தில் வைத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டால், கைபேசி அதற்குள் நுழையும்போது அது செயலியை எழுப்பும். மின்கலத்தை மிகக் குறைவாகச் செலவழிக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் காரின் வேகத்துக்கு இதை நேராகப் பொருத்த முடியாது. ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் இருக்கும் செயலிக்கு வட்டத்தைத் தொட்ட செய்தி சராசரியாக ஓரிரு நிமிடம் தாமதித்தே வந்துசேரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் இரண்டு நிமிடத்தில் 2.6 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை அதே கார் ஒன்பது நொடியில் ஊடுருவிச் சென்றுவிடுவதால், நுழைந்ததே பதிவாகாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எனவே பங்கைச் சுற்றிச் சிறு வட்டம் போடாதீர்கள். வழித்தடத்தில் பங்குக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டர் முன்னதாக ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். தாமதம் ஏற்பட்டாலும் முடிவெடுக்கப் போதிய நேரம் ஓட்டுநருக்குக் கிடைக்கும்.

எண்ணிக்கையிலும் வரம்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலிக்கு 100 வட்டங்கள். ஐஓஎஸ்ஸில் 20 மட்டுமே. நீண்ட பயணம் முழுவதற்கும் ஒரே முறையில் வட்டங்களைப் பதிய முடியாது. அடுத்து வரவிருக்கும் சிலவற்றை மட்டும் பதிந்து, ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்கும்படி எழுத வேண்டும்.

அனுமதி கேட்கும் முறையில் மிகுந்த கவனம் தேவை. ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணி இருப்பிடத்துக்குத் தனி அனுமதி உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் துல்லியமான இருப்பிடத்தைத் தராமல் தோராயமானதை மட்டும் தரும் உரிமை பயனரிடம் இருக்கிறது. செயலியை நிறுவியதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால், மறுப்பவர்களே மிகுதியாக இருப்பார்கள். அந்த மறுப்பும் முற்றிலும் நியாயமானதே. முந்தைய நாள் இரவு வீட்டில் திட்டமிடுபவரிடம் இருப்பிடமே கேட்க வேண்டியதில்லை; புறப்படும் ஊரை அவரே எழுதிவிடுவார். வழியில் 'அருகில் என்ன உள்ளது' என்று அவர் அழுத்தும்போது ஒரு முறைக்கான அனுமதியைக் கேளுங்கள். வழியோர அறிவிப்பை அவரே இயக்கும்போது மட்டும், எதற்காக என்று தமிழில் இரண்டு வரி விளக்கிவிட்டுப் பின்னணி அனுமதியைக் கேளுங்கள். தோராய இருப்பிடத்தை மட்டும் தருபவருக்கும் செயலி இயங்க வேண்டும். 'அடுத்த ஊரில் என்ன உள்ளது' என்று சொல்வதற்கு அது தாராளமாகப் போதும்.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். சென்ற வழி முழுவதையும் சர்வரில் சேமிக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 15 லட்சம் பேரின் கைபேசித் தடங்களை வைத்துச் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் கண்டுவிடலாம் என்று காட்டியது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, பெயர்கள் எதுவும் இல்லாமல், பயனர்கள் ஓடிய தடங்களின் தொகுப்பை மட்டும் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில், வெளியே தெரியாதிருந்த ராணுவ முகாம்களின் உள்பாதைகள் அதில் ஒளிர்வதைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு குடும்பத்தின் காரைப் பொறுத்தவரை தடத்தின் முதல் புள்ளி அவர்களுடைய வீட்டு வாசல். வீடு எந்தெந்த நாட்களில் பூட்டியிருக்கிறது என்பதும் அதே தடத்தில் இருக்கிறது. இத்தகைய தரவைக் காத்துவைக்கும் பொறுப்பை ஒரு சிறு குழு தானாக முன்வந்து ஏற்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மலைப்பாதையின் வேகத்தை அறிய முழுத் தடம் தேவையில்லை. அடிவாரத்தையும் உச்சியையும் இரண்டு புள்ளிகளாக வைத்து, கைபேசியே அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, 'கொல்லிமலை ஏற்றம், பகல், இத்தனை நிமிடம்' என்ற ஒற்றை வரியை மட்டும், கணக்குப் பெயரோ தேதியோ இல்லாமல் அனுப்பினால் போதும். தடம் கைபேசியை விட்டு வெளியே போவதே இல்லை. வானிலை கேட்கும்போதும் அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி அனுப்புங்கள். அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் துல்லியம், மழை வருமா என்று அறிய அதற்கு மேல் வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு கேட்கப்பட்டதோ அதற்குத் தேவையான அளவுக்கே ஒப்புதல் செல்லும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது. ஆகவே தமிழ் அறிவிப்பைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

---

மறுமொழி 4: மலைச்சாரல்

நிழற்குடை அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உடன் வரும் கார்களின் நேரலை இருப்பிடத்தை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உறவினர்கள் மூன்று கார்களில் சேர்ந்து வரும்போது, பின்னால் வரும் காரைக் காணவில்லை என்பதற்காக மலை வளைவில் வண்டியை ஓரம் கட்டி நிற்கிறார்கள். ஓட்டிக்கொண்டே தொலைபேசியில் பேசுகிறார்கள். இரண்டுமே ஆபத்தானவை.

---

மறுமொழி 5: நிழற்குடை

ஐயா, உங்கள் கருத்து மிகச் சரியானது. அந்த வசதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நிபந்தனைகளோடு செய்யலாம். பகிர்வுக்கு முடிவு நேரம் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டு, சேருமிடத்தை அடைந்ததும் தானாக நின்றுவிட வேண்டும். பகிர்வு நடந்துகொண்டிருக்கிறது என்பது திரையில் எப்போதும் தெரிய வேண்டும். சர்வரில் ஒவ்வொரு காருக்கும் கடைசியாகக் கிடைத்த ஒரு புள்ளி மட்டுமே இருக்க வேண்டும். புதியது வந்ததும் பழையது அழிந்துவிட வேண்டும். மலையில் சமிக்ஞை இல்லாதபோது அந்தப் புள்ளி எத்தனை நிமிடம் பழையது என்பதையும் காட்டுங்கள். இல்லாவிட்டால் நகராமல் நிற்கும் புள்ளியைப் பார்த்து, விபத்து நேர்ந்துவிட்டதோ என்று முன்னால் செல்பவர்கள் கலங்கிப்போவார்கள்.

---

கொங்குவழி

பின்னணி அறிவிப்புக்கான முன்வட்ட யோசனையை உடனே செயல்படுத்தப்போகிறோம். சர்வரில் தடத்தைச் சேமிக்கும் திட்டத்தைக் கைவிடுகிறோம். கடைசியாக ஒன்று: கோயில் நேரங்கள், இரவுத் தடைகள் போன்றவை எந்தத் தரவுத்தளத்திலும் முழுமையாக இல்லை. இவற்றை எப்படித் திரட்டுவது? சமிக்ஞை இல்லாத இடங்களுக்கான வரைபடத்தையும் எப்படி முன்கூட்டியே பதிவிறக்கித் தருவது?

---

மறுமொழி 6: அச்சாணி

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது வரைபடச் சர்வரிலிருந்து படங்களை மொத்தமாகப் பதிவிறக்குவது அதன் விதிகளில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வட்டாரம் வாரியாகப் பிரித்துத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்திலிருந்து தென்னிந்தியத் தரவுக் கோப்பை எடுத்து, நீங்களே வெக்டர் வரைபடமாக (படங்களாக அல்லாமல் கோடுகளும் புள்ளிகளுமாகச் சேமிக்கப்படும் வரைபடமாக) மாற்றி, வழித்தடத்தை ஒட்டிய பட்டையை மட்டும் பயனருக்குக் கொடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்பதால், வரைபடம் கைபேசியில் இருந்துவிட்டால் காட்டுக்குள்ளும் இருப்பிடம் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரிய நன்றிக் குறிப்பைத் திரையில் காட்ட மறவாதீர்கள்.

தடைகளையும் கோயில் நேரங்களையும் ஒரே வகையாக நடத்தக் கூடாது. இரவுத் தடை, இ-பாஸ் போன்றவை அரசாணையாலோ நீதிமன்ற உத்தரவாலோ மாறுபவை. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என்ற வரம்பும் அந்தக் கோடைப் பருவத்துக்கு விதிக்கப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். இவற்றைப் பயனர்களிடமிருந்து திரட்ட வேண்டாம். எண்ணிக்கையில் குறைவுதான் என்பதால், எந்தச் சாலைத் துண்டு, எந்த நேரம், யாருக்கு விலக்கு, எந்த உத்தரவு, நீங்கள் கடைசியாகச் சரிபார்த்த நாள் என்ற விவரங்களோடு ஓர் அட்டவணையை உங்கள் குழுவே பராமரிக்க வேண்டும். சரிபார்த்த நாளைப் பயனருக்கும் காட்டுங்கள்.

கோயில் நேரம் அப்படியன்று; அதை அங்கே போய் வந்தவர்கள்தாம் சொல்ல முடியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திறந்திருக்கும் நேரத்தைப் பதிய முறையான வடிவம் உண்டு. காலை, மாலை என்ற இரு பகுதிகளையும் அதில் எழுதலாம். மார்கழியில் அதிகாலையிலேயே நடை திறப்பதால் அந்த மாதத்துக்குத் தனி வரி வேண்டும். கிரகண நாளையும் திருவிழாவையும் கணக்கில் அடக்க முயலாமல், 'இன்று மாறுபடலாம்' என்ற குறிப்போடு விட்டுவிடுங்கள். பயணம் முடிந்தபின் பயனர் தானாகச் செயலியைத் திறக்கும்போது, 'நீங்கள் போனபோது நடை திறந்திருந்ததா?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று நான்கு பேர் ஒரே விடையைச் சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு, ஒருவர் கண்ணால் சரிபார்த்தபின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குக் கிடைத்த பயன் எல்லோருக்கும் போய்ச் சேரும். கூகுள் வரைபடத்தில் பார்த்த நேரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அதில் எழுதாதீர்கள். உரிம விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

தஞ்சாவூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. அங்குள்ள கோயில்களில் நேரம் பதியப்படாதவற்றை மட்டும் பிரித்தெடுக்க, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் தேட உதவும் ஓவர்பாஸ் சேவைக்கான வினவல் ஒன்றை எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் குழுவுக்குத் தேவையானால் அடுத்த பதிவில் இங்கேயே இடுகிறேன்.